ஐந்து நாள் மருந்து

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஆனால் கோழி மருந்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஷெட்டில் சளி பரவினால் தண்ணீர்த் தொட்டியில் ஐந்து நாள் மருந்து கலக்க வேண்டும். ஆறாம் நாள் கோழிகள் தெளிந்துவிடும். டப்பாவை மூடி வைத்துவிடலாம்.

எனக்குச் சர்க்கரை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் அதே கணக்கைத்தான் போட்டேன். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நர்சம்மா சொன்னார். நோய் போய்விட்டது என்று நிறுத்திவிட்டேன். நிறுத்தலாமா என்று கேட்கக் கூச்சம்.

இரண்டு வருடத்தில் பாதம் மரத்துப்போனது. வெறும் தரையில் நடந்தாலும் மெத்தையில் நடப்பது போலிருக்கும். ஷெட் வாசலில் கிருமி சாவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருப்போம், அதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். செருப்பு வழுக்குகிறது என்று நான் வெறுங்காலில் மிதிப்பவன். ஒரு மழைநாளில் ஈரக்காலோடு மிதித்ததில் சுண்டுவிரல் வெந்துபோனது. எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்து என் மனைவி பார்த்துப் பதறினாள். வலிக்கவில்லையே, சின்னப் புண்தான் என்றேன்.

அவளுடைய அண்ணன் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு வேர்ப்பொடி கொண்டுவந்தார். ஒரு மண்டலம் குடித்தால் சர்க்கரை வேரோடு போய்விடும் என்றார். மூன்று வாரம் குடித்தேன். விரல் கறுத்தது.

விரலை எடுக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க டாக்டர், எங்க பண்ணைக் கோழிக்கு அஞ்சு நாள் மருந்தே போதுமுங்க. நான் மூணு மாசம் மாத்திரை தின்னு சரியாத்தானுங்க இருந்துச்சு?"

"தின்னதாலதான் சரியா இருந்துச்சு. இது கோழிக்குக் குடுக்கற அஞ்சு நாள் மருந்து இல்லீங்க. தீனி மாதிரி. நேத்துப் போட்டோம்னு இன்னைக்கு நிறுத்துவீங்களா?"

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

விரலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். மச்சான் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கிலீசு மருந்துக்குப் போனா இப்பிடித்தான் அறுப்பாங்கன்னு நான் அப்பவே சொன்னேன். மாப்ள கேக்கல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"விரலு மாத்திரையால போகலீங்க மச்சான். மாத்திரைய நிறுத்துனது நானு. பொடியக் குடுத்தது நீங்க."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இன்றுவரை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். காலையில் எல்லோரும் பார்க்கவே மாத்திரையை விழுங்குகிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டுதான் ஷெட்டுக்குள் போகிறேன். 'வந்துட்டாரு மிலிட்டரி' என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குக் காலில் இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது. ஒன்றையும் விட்டுத் தருவதாக இல்லை.