நாலு சைக்கிளும் ஒரு ஹோல்டு நோட்டும்

முதலில் வீங்கியது கண்ணிமைதான். ஒரு திங்கட்கிழமை காலை ஜெனி எழுந்து வந்தபோது இரண்டு கண்ணும் பாதி மூடிக்கிடந்தன.

“இன்னா ஜெனி, கண்ணு உப்பிக்கினு கீது? தூங்கலியா?”

“தூங்கினேன்ப்பா. ஏழாவது புக்குல குகை வரைக்கும்தான் படிச்சேன்.”

ஏதோ ஒவ்வாமை என்று நானே முடிவுகட்டி, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி நான்கு நாள் ஊற்றினேன். சென்னையில் பாடி பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் வேலை எனக்கு. ஒரு பாகம் முடியளவு கூடியிருந்தாலும் கேஜ் (அளவு பார்க்கும் கருவி) வைத்துக் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். பெற்ற மகளின் முகம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாள் அவள் காலில் பள்ளிக்கூட ஷூ ஏறவில்லை. என் மனைவி ஸ்டெல்லா அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. இருவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளோடு பட்டாபிராமில் ரயிலேறி மருத்துவமனைக்குப் போனோம்.

இதைப் படிக்கும் சிலர் உங்கள் பிள்ளையின் காலிலும் அந்தக் குழியைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தாமதித்த நாட்களுக்காக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால், என்னையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நிறைய வேலை இருக்கிறது.

நோயின் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி ஒழுகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடுவது). டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர்.

“ஸ்டீராய்டு மாத்திரை தினமும் காலையில சாப்பிட்டதும் குடுங்க. நெறைய பிள்ளைங்களுக்கு நாலு வாரத்துக்குள்ள கேட்டுடும். கேக்கலைன்னா பயாப்சி பண்ணிப் பாக்கணும்.”

பயாப்சி என்றால் ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது. அந்த ஊசி இறங்கப்போவது பத்து வயதுப் பெண்ணின் முதுகில். நாலு வாரம் என்பது இருபத்தெட்டு நாள் என்று ரயிலிலேயே விரல்விட்டு எண்ணிக்கொண்டேன்.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை எளிது. காலையின் முதல் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, அதன் நிறத்தைப் புட்டியில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ். ஸ்டெல்லா காலை ரயிலில் சென்ட்ரல் பக்கம் அலுவலகம் போகிறவள். எனக்கு இரண்டாவது ஷிப்ட். ஆகவே சோதனை என் பொறுப்பு. தினமும் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை தோறும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மருத்துவமனை நர்ஸுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

முதல் வாரமே எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் (சர்ச் வட்டாரத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து முறைவைத்து நடத்தும் ஜெபம்). ஃப்ரிட்ஜ் மேல் இருந்த நோட்டைப் பாட்டு நோட்டு என்று நினைத்து ஓர் அக்கா எடுத்துப் பிரித்து, “மூத்திரம், மூணு பிளஸ்” என்று சத்தமாக வாசித்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணமில்லை. உடனே சிறுநீரகத்துக்காகத் தனியாக ஒரு மன்றாட்டும் சொன்னார். ஜெனி பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள், எல்லாரும் கிளம்பிய பிறகுதான் வந்தாள்.

“பட்டாபிராம் பூரா எம் மூத்திரம் தெரியணுமாப்பா?”

அவள் கேட்டது நியாயம். அன்றே பக்கத்தைக் கிழித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே ரகசிய மொழியில் மறுபடி எழுதினேன். தேதிக்குப் பதில் லாட் நம்பர் (சரக்கின் வரிசை எண்), மாத்திரை தொடங்கிய நாள் லாட் ஒன்று. மூன்று பிளஸோ இரண்டோ வந்தால் கூட்டல் குறிகளைப் போட்டுப் பக்கத்தில் ஹோல்டு, அதாவது சந்தேகமான சரக்கு, அனுப்பாதே. ஒரு பிளஸ் என்றால் ரீவொர்க், அதாவது இன்னும் கொஞ்சம் சரிசெய்தால் தேறிவிடும். புரதம் இல்லையென்றால் பாஸ். மாத்திரைக்குப் பெயர் ஆயில். பக்கத்தின் அடியில் இந்த வார்த்தைகளை வரிசையாக எழுதி, நர்ஸுக்கு மட்டும் போனில் விளக்கம் சொன்னேன். ஆய்வுப் பிரிவில் வேலை பார்ப்பவன் வீட்டில் நோய்க்குக்கூட ரிப்போர்ட்தான். ஜெனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

நோட்டின் பின்பக்கம் அவளுடையது. தொற்று வந்துவிடும் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளிடம் இருந்தது ‘நாலு சைக்கிள்’ வரிசையின் பதினோரு புத்தகங்கள். நாலு பிள்ளைகள் நாலு சைக்கிளில் போய்க் குகை, தீவு, பாழடைந்த மில் என்று துப்பறிவார்கள். மூன்றாம் முறை படிக்கும்போது ஸ்டீராய்டு கிளப்பிவிட்ட பசியும் கோபமும் சேர்ந்து அவளை ஒரு விமர்சகராக்கிவிட்டன. பத்து மணிக்கு ஆறாவது இட்லியைத் தின்றபடி எழுதுவாள். சைக்கிளைப் பூட்டாமல் குகைக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிறார்களே, எப்படித் திரும்பி வரும்போதும் இருக்கிறது? அம்பத்தூரில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சர் ஏன் வில்லனுக்கு மட்டும் ஆகிறது? நாலு பேரில் கயல் மட்டும் ஏன் எல்லாப் புத்தகத்திலும் காலையில் கடைசியாக வருகிறாள்? பதினோரு புத்தகத்திலும் ஒருவர்கூட ஏன் பாத்ரூம் போகவில்லை?

புத்தகத்தின் பின்னட்டையில், வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு எண் இருந்தது. எழுதி முடித்ததும் அனுப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரங்களைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உப்பில்லாத சாப்பாடு. அவளுக்காக நாங்களும் அப்படியே சாப்பிட்டோம். நான் மட்டும் தொழிற்சாலை கேன்டீனில் ஊறுகாய் தொட்டுக்கொண்டேன். நான் வீட்டுக்கு வந்ததும் ஜெனி என் விரலை மோந்து பார்த்து, “எலுமிச்சங்கா” என்றாள். மாத்திரையால் அவள் கன்னங்கள் உருண்டன, கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். லாட் பத்தொன்பது ஹோல்டு. லாட் இருபது ஹோல்டு. நான் பயந்துபோயிருந்தேன். பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துப் பச்சைக்குள் மஞ்சளைத் தேடினேன். வேலையில் வேறு யாராவது அப்படிச் செய்தால் நானே திட்டியிருப்பேன்.

இருபதாம் நாள் திங்கட்கிழமை. நோட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி ரயில் பிடித்தேன். கொரட்டூரில் இறங்குவதற்குள் இரண்டு எண்களுக்கும் அனுப்பிவிட்டேன். பதிப்பகத்துக்கு அனுப்பியதன் கீழே, ‘ஜெனி, ஐந்தாம் வகுப்பு, பட்டாபிராம்’ என்றும் எழுதினேன். எது எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை.

புதன்கிழமை பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா வழக்கமாக ஃபைலைத்தான் முதலில் பார்ப்பார். அன்று ஜெனியைப் பார்த்தார்.

“பதினோரு புக்குலயும் ஒருத்தர்கூட பாத்ரூம் போகலையா?”

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் பதில் சொன்னாள். “ஒருத்தரும் போகல டாக்டர். ஏழாவது புக்குல ரெண்டு நாள் குகையில மாட்டிக்கிறாங்க. அப்பகூட போகல.”

“அப்ப நாலு பேரையும் இன்னிக்கே அட்மிட் பண்ணணும்” என்றார் டாக்டரம்மா. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜெனியும் சிரித்துவிட்டாள். பிறகு அவர் ஃபைலைப் பார்த்தார். “அடுத்த வாரமும் ரெண்டு பிளஸ்லயே நின்னா பயாப்சிக்கு நாள் பாத்துடலாம்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கேள்விகள் இங்கே வந்திருக்கின்றன என்றால், லாட் நோட்டு எழுத்தாளரிடம் போயிருக்கிறது. பட்டாபிராம் வரும்வரை ஜெனி என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஒரு குரல் செய்தி வந்தது. பதிப்பகம் போட்டோவை எழுத்தாளருக்கே அனுப்பியிருக்கிறது. கொஞ்சம் வயதான, உற்சாகமான பெண்குரல்.

“ஜெனி கண்ணு, உன்னோட சங்கேதத்தை மூணு நாளா வச்சு ஒடைச்சுக்கிட்டு இருக்கேன். கூட்டல் குறி மூணு இருந்தா ஹோல்டு. லாட் பதினஞ்சுல அது ரெண்டாச்சு. யாரோ விடாம தினமும் ஆயில் போடுறாங்க. கீழ பாஸ்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கு, ஆனா மேல ஒரு தடவைகூட வரலை. புதையல் அங்கதான இருக்கு? கெடைச்சதும் எனக்கு மட்டும் சொல்லிடு.”

ஜெனி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். “கண்டுபுட்சிட்டாங்கப்பா” என்றாள். என்ன நோய் என்று அவர் கண்டுபிடிக்கவில்லை, என்ன தேடுகிறோம் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார். என்மேல் இருந்த கோபம் போய்விட்டது. எல்லாவற்றையும் தானே சொல்லி ஒரு பதில் பேசி, கேள்விப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

அன்று ரயிலில்தான் அந்தக் கேள்விப் பக்கத்தின் போட்டோவை நான் முழுசாகப் படித்தேன். எல்லாக் கேள்விக்கும் கீழே பென்சிலில், அழித்து அழித்து எழுதிய ஒன்று இருந்தது. ‘தினமும் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையை நாலு சைக்கிளில் சேர்த்துக்கொள்வார்களா?’ நான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்றிருந்தவர், “இன்னா அண்ணாத்தே, உடம்பு சரியில்லியா? குந்து” என்று சீட்டில் இருந்த ஆளை நகர்த்தி இடம் வாங்கிக்கொடுத்தார்.

லாட் இருபத்துநான்கு, ரீவொர்க். இருபத்தைந்தும் அப்படியே. இருபத்தாறாம் நாள் காலை பட்டை மஞ்சளாகவே நின்றது. எனக்கு நம்பிக்கை வராமல் இன்னொரு பட்டையை நனைத்தேன். மஞ்சள்தான். ஆனால் தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லாமலிருந்தால்தான் கணக்கு. இருபத்தேழும் மஞ்சள். இருபத்தெட்டாம் நாள் அந்த ஒரு நிமிடத்தை ஜெனி சத்தமாக அறுபது வரை எண்ணினாள். மஞ்சள். ‘பாஸ்’ என்று அவளே எழுதிப் பக்கத்தில் ஒரு சைக்கிளும் வரைந்தாள்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ரயில் அம்பத்தூரில் நின்றிருந்தது. “பாஸ் ஆயிட்டா” என்று அவள் கத்த, பெண்கள் பெட்டியில் இருந்தவர்கள் ஏதோ பெரிய பரீட்சை என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்களாம். டாக்டரம்மா உப்புக்கு அனுமதி தந்த அன்று வீட்டில் அப்பளம் பொரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எந்தக் கிறிஸ்துமஸிலும் சாப்பிட்டதில்லை.

எழுத்தாளரின் பதில் அந்த ஞாயிறு வந்தது. மூவரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம்.

“மொதல்ல மன்னிச்சுடு. பதினோரு புக்கா அந்தப் பிள்ளைங்களை அடக்கி வச்சிருந்திருக்கேன். பன்னெண்டாவதுல வழியில நிறுத்துறேன். அப்புறம், கயல் ஏன் தினமும் லேட்டுன்னு ஒரு கேள்வி, மாத்திரை சாப்பிடுற பிள்ளையைச் சேத்துக்குவாங்களான்னு கடைசியா ஒரு கேள்வி. கயல் ஏன் லேட்டா வர்றான்னு எனக்கே தெரியாம எழுதிட்டு இருந்தேன் கண்ணு. இப்பத் தெரியுது. அவ காலையில பட்டையைப் பாத்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு வர்றா. முதல் புக்குலேர்ந்தே அவங்க மூணு பேரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. விட்டுட்டுப் போனதே இல்லை.”

ஜெனி எழுந்து போய், சுவரைப் பார்த்திருந்த கண்ணாடியை மறுபடி நேராகத் திருப்பி வைத்தாள்.

இந்த நோய் திரும்பி வரக்கூடியது. எங்களுக்கும் வந்தது. மாத்திரை முடிந்து சில மாதத்தில் ஒரு சளிக்குப் பிறகு மறுபடி இமை வீங்கியது. இம்முறை நான் சொட்டு மருந்து தேடவில்லை. பட்டை இரண்டு பிளஸ் காட்டியதும் ஜெனி புதுப் பக்கத்தைப் பிரித்து ‘லாட் ஒன்று’ என்று எழுதிவிட்டு, “ரெண்டாம் பாகம்பா” என்றாள். பன்னிரண்டாம் நாள் பாஸ்.

முன்பெல்லாம் காலை என்பது எங்கள் வீட்டில் ஸ்டெல்லாவின் ரயில் நேரம்தான். இப்போது அது பட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கும் ஒரு நிமிடத்தில் தொடங்குகிறது. என் மகளின் உடம்பு தினமும் எனக்கு ஒரு நிறத்தில் செய்தி சொல்கிறது, அதற்கு நான் நின்று காது கொடுக்கிறேன். அந்த நிமிடத்தை அவசரப்படுத்த எனக்கு மனசு வருவதில்லை.

இன்று காலையும் பள்ளி வேன் வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. பாத்ரூமுக்குள்ளிருந்து ஜெனி குரல் கொடுத்தாள்.

“நிக்கச் சொல்லுப்பா. கயல் வந்துகினே கீறான்னு சொல்லு.”

நான் வாசலுக்குப் போய் அப்படியே சொன்னேன். வேன் நின்றது.