துணைக்குப் போனவருக்குக் குணமானது

பணிமனையில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுவதில் கெட்டிக்காரி. குறுக்கே வண்டியை விடுகிறவனை அவள் திட்டினால் தனியாக ஹாரன் அடிக்கத் தேவையில்லை. அப்பேர்ப்பட்டவள், ஒருநாள் பணிமனை லிஃப்ட் பாதியில் நின்றபோது மூலையில் சுருண்டுகொண்டு, "இனிமே கொட்டமாட்டேம்மா" என்று அழுதாள். கதவைத் திறந்த மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. சின்ன வயதில் பாலைக் கொட்டினாலும் சரி, பாடத்தில் தப்புவிட்டாலும் சரி, அம்மா அவளைக் குளியலறையில் தள்ளித் தாழ்போட்டுவிடுவாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்தது, பயம் போகவில்லை. கூட வேலை செய்யும் நடத்துனர் சொல்லி, செருப்புக் கடை மாடியில் இருந்த முழுநல மையத்தில் சேர்ந்தாள். மூச்சுப் பயிற்சி, கிண்ணத்தைத் தட்டி எழுப்பும் ஓசை, களிமண், வாசனை எண்ணெய் என்று அங்கே எல்லாம் உண்டு. "எதுக்குடி போறே?" என்று கேட்ட அம்மாவிடம் முதுகு வலி என்று சொல்லிவைத்தாள். "எனக்கும்தான் வலிக்குது. துணைக்கு வரேன்" என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள்.

"கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குள்ள இருக்கிற குழந்தையைக் கட்டிப்பிடிங்க," என்றார் பயிற்சியாளர். மகளுக்குக் குழந்தை அகப்படவில்லை; மறுநாள் ஷிஃப்ட்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்துப் பாயில் அம்மா விக்கி விக்கி அழுதாள். தன் அப்பா பெல்ட்டால் விளாசியதெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. மையமே அவளைச் சூழ்ந்து உட்கார்ந்துகொண்டது. அதன்பின் அம்மா ஒரு வகுப்பையும் விடவில்லை. முகம் தெளிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு எப்படி மூச்சுவிடுவது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள்.

மன்னிப்பு வகுப்பன்று அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்ன வயசுல என்னை என்ன பாடு படுத்தினே! எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்டி."

"நீ என்னை மன்னிக்கிறியா? இருட்டுல என்னைப் பூட்டிவெச்சது யாரு? தட்டித் தட்டி என் கை வீங்கினது தெரியுமா உனக்கு?"

"மெதுவா, மெதுவா. பக்கத்து அறையில மௌனப் பயிற்சி நடக்குது," என்று கெஞ்சினார் பயிற்சியாளர். அவர் தலைக்கு மேலே, உணர்ச்சிகளை அடக்காதீர்கள் என்று எழுதி மாட்டியிருந்தது.

அம்மா தான் பிடித்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "தெரியும்," என்றாள். "வெளியிலதான் நின்னுட்டிருந்தேன். எப்பத் திறக்கிறதுன்னுதான் தெரியல."

மகள் மன்னிக்கவில்லை. அதை அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

இப்போதும் இருவரும் போகிறார்கள், வேறு வேறு நாளில். மகளுக்குக் களிமண் பிடித்துப்போயிற்று. அவள் செய்கிற கிண்ணம் எதுவும் நேராக நிற்பதில்லை.

"ரொம்ப ஆழமான வெளிப்பாடு," என்கிறார் பயிற்சியாளர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னும் கை வரல," என்கிறாள் அவள்.