பொரித்தட்டில் வைத்த பச்சைக் கல்

அந்தக் கல் என் மகளின் வயிற்றுக்குள் போனதா, இல்லையா? போன ஆயுத பூஜையன்று எழுந்த கேள்வி இது. அடுத்த ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. விடை இன்னும் எனக்குத் தெரியாது.

கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறையச் சொல்வேன். நான் நிலவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். ஆகவே அம்பத்தூர் எஸ்டேட்டில், வங்கிச் செயலிகளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன்.

என் மாமனாருக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். மேட்டு நிலம், வானம் பார்த்த பூமி. அவருக்கு முந்தைய தலைமுறையில் யாரோ அங்கே கிணறு வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். தண்ணீர் வரவில்லை. கறுத்த பாறைக்கு நடுவே, ஆள் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பாறை வந்தது. அதில் காக்காப்பொன் எனும் மைக்கா தகடு தகடாக மின்னியது. ஊரில் அதைப் புதையல் என்றார்கள். என் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெக்மடைட் என்று பெயர்.

பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது, ஒவ்வொரு கனிமமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு முதலில் உறைந்துவிடும். யாருக்கும் ஒத்துவராத தனிமங்கள் கடைசிவரை நீர்த்த குழம்பில் மிஞ்சி நிற்கும். அண்ணா நகரில் வீடு கிடைக்காதவர்கள் திருமுல்லைவாயிலுக்கு வந்து சேர்வது போல, அவை கிடைத்த விரிசலில் போய் ஒண்டிக்கொள்ளும். வந்த இடத்தில் நெருக்கடி இல்லாததால் பெரிது பெரிதாகப் படிகமாகும். இந்த ஒப்புமை எங்கள் அடுக்ககத்துக்குப் பொருந்தாது. இங்கே யாரும் பெரிதாவதற்கு இடமில்லை.

கிணறு அப்படியே சுரங்கமாகிவிட்டது. போர்க்காலத்தில் காக்காப்பொன்னுக்காக யாரோ குத்தகைக்கு எடுத்தார்களாம். போர் முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். பிறகு பீங்கான் செய்கிறவர்கள் வந்து, அதிலிருந்த ஃபெல்ட்ஸ்பாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் குவார்ட்ஸ் யாருக்கும் வேண்டாம் என்று வரப்போரம் குவிந்து கிடக்கிறது. எல்லாரும் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில் குழி நிறையத் தண்ணீர் வந்தது. முதலில் தோண்டியவர் கேட்டது அதைத்தான். அப்போது விவசாயம் செய்ய அந்த வீட்டில் ஆள் இல்லை. மாமனார் ஆவடியில் தொழிற்சாலை வேலைக்கு வந்து, குடியிருப்பில் பால் கார்டும் வாங்கிவிட்டார்.

அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கல். புளியங்கொட்டை அளவு, ஆறு பட்டை, வெளிறிய பச்சை. நடுவில் ஒரு விரிசல். கல்யாணமாகி வந்த புதிதில், நான் என்ன படித்தேன் என்று தெரிந்ததும், குங்குமச் சிமிழிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“ஏனம்மிணி, மரகதந்தானே?”

அது சாதாரண பெரில். மரகதமும் பெரில்தான், ஆனால் பார்ப்பதற்கு இப்படி இருக்காது. மருமகளாக வந்து மூன்றாவது நாள் எவ்வளவு நிலவியல் பேசலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

“அந்தக் குடும்பந்தான் மாமா,” என்றேன்.

அன்றிலிருந்து கல் என் சான்றிதழோடு மரகதமாயிற்று.

சுரங்கம் நடந்த காலத்தில், ஆயுத பூஜைக்குக் கடப்பாரையும் உளியும் கழுவி வைத்து, அந்த வருடம் கிடைத்த நல்ல கல்லைப் பொரிக்குவியலின் உச்சியில் வைப்பார்களாம். சுரங்கம் போனாலும் வழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டில் மடிக்கணினி, மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, மாமனாரின் பழைய ஸ்பானர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, நடுவில் பொரி, பொட்டுக்கடலை, கல்கண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனம் பூசிய அந்தக் கல்.

போன வருடம் கற்பூரம் காட்டி முடிந்ததும் எனக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. திரும்பி வந்தபோது மாமியார் தட்டைச் சரித்துப் பொரியைக் கலந்து, பக்கத்து வீடுகளுக்கும் பள்ளி ஆட்டோக்காரருக்கும் கொடுத்து முடித்திருந்தார். சிமிழ் திறந்து கிடந்தது. கல் இல்லை. என் மகள் தரையில் உட்கார்ந்து, கன்னம் உப்ப எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னேன். கல்கண்டு.

“பச்சைக் கல்லை முழுங்கிட்டியா?”

“ம்.”

“முழுங்கலையா?”

“ம்.”

அம்பத்தூரில் குழந்தை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “மோஷனைப் பாருங்க, வந்துடும். வாந்தி, வலி இருந்தா உடனே வாங்க,” என்றார்.

“டாக்டர், அதுல பெரிலியம் இருக்கு.”

“நீங்க கெமிஸ்ட்ரியா?”

“ஜியாலஜி.”

“அப்ப உங்களுக்கே தெரியுமே.”

எனக்குத் தெரியும். பெரிலியம் நஞ்சு. ஆனால் பெரில் என்பது லேசில் கரையாத கல். அதைத் தூளாக்கிச் சுவாசித்தால்தான் பயம். குழந்தையின் வயிறு அதை ஒன்றும் செய்யாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அம்மாவாக எழுதியிருந்தால் தோற்றிருப்பேன்.

பழைய டீ வடிகட்டி ஒன்றை அதற்கென ஒதுக்கினோம். வண்டலைச் சலித்துக் கனமான கனிமங்களைப் பிரிப்பது எப்படி என்று கல்லூரியில் சொல்லித்தந்தார்கள். படித்த படிப்பு முதன்முதலாக வீட்டுக்கு உதவியது. மாமனார் தினமும் காலையில் குளியலறை வாசலில் செய்தித்தாளோடு நிற்பார்.

“இன்னைக்கு?”

“இல்ல மாமா.”

“போச்சாது, விடு அம்மிணி. கல்லு போனாப் போவுது, புள்ள நல்லாருந்தாச் செரி.”

எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் காலையில் அதே வாசலில் நின்றார். “இன்னைக்கு?”

பிறகுதான் பொரிப் பொட்டலங்களில் போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. பக்கத்து வீடுகளில் எப்படிக் கேட்பது? பிரசாதத்தில் கல் கொடுத்தோம் என்று சொல்வதா, எங்கள் மரகதத்தை எடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று கேட்பதா? கடைசியில் ஆட்டோக்காரரிடம் மட்டும் கேட்டேன். அன்று மகளைப் பள்ளியில் விட நானும் ஏறியிருந்தேன்.

“அண்ணா, அன்னைக்குக் குடுத்த பொரில கல் ஏதாவது இருந்துச்சா?”

“பொரின்னா கல்லு இருக்கத்தான்க்கா செய்யும். இன்னா, கடைக்காரனாண்ட சண்டையா?”

“இல்ல, பச்சையா, இவ்ளோ பெரிசு. பாப்பா முழுங்கிட்டாளோன்னு பயமா இருக்கு.”

அவர் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவருக்கு நாக்கை நீட்டிக் காட்டியது.

“அதுவா? அத்த நான் கட்சிட்டேன்க்கா. கடக்குன்னுச்சு, துப்பிட்டேன்.”

“எங்க?”

“ரயில்வே கேட்டாண்ட. கேட்டு போட்டுட்டான், வண்டிய நிறுத்தி துன்னுகினு இருந்தேன்.”

“பச்சையா இருந்துச்சா?”

“பச்சையாத்தான்க்கா.”

“வெள்ளையா இல்லையே?”

“வெள்ளையா கூட இருந்துச்சு. நீ எத்த சொல்றியோ அத்தான் அது. பாப்பா வயித்துல இல்ல. போயி வேலையப் பாரு.”

அன்று மாலையே கேட்டுக்குப் போய்க் குனிந்து தேடினேன். கேட்காரர் எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, கம்மலா?”

“இல்லைங்க, கல்லு.”

அவர் தண்டவாளம் நெடுகக் கொட்டிக் கிடந்த ஜல்லியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அறைக்குள் போய்விட்டார்.

ஆட்டோக்காரர் சொன்னதை வீட்டில் நான் சொல்லவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று தெரியாமல் எதைச் சொல்வது? மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள், எடை கூடியிருக்கிறாள். எடை கூடியதற்கும் நான் ஒரு நிமிடம் யோசித்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது மாமனார் மெதுவாக ஆரம்பித்தார். “கல்லு எங்க போயிருக்கும், உள்ளதான் இருக்குது. இந்தத் தடவ புள்ளையவே தட்டுக்குப் பக்கத்துல உக்கார வெச்சு, வயித்துல சந்தனம் வெச்சரலாமுங்களா அம்மிணி?” அவர் சிரிக்கவில்லை. என் மகள் உடனே சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

ஆட்டோக்காரர் சொன்னதை இப்போது சொன்னால், மாமனாருடைய சுரங்கத்தில் மிஞ்சியிருந்த ஒரே கல்லும் ரயில்வே கேட்டில் துப்பப்பட்டதாகிவிடும். சொல்லாவிட்டால், வருடா வருடம் என் மகளின் வயிற்றுக்குப் பூஜை நடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க, கல் உள்ளேதான் இருக்கிறது என்று நானும் நம்பிவிடுவேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றால், நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு என்கிறார் கணவர். எடுத்து, அதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மாமனாரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள், மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். ஆட்டோக்காரரை நம்பட்டுமா? நம்பினால், அதை மாமனாரிடம் எந்த வார்த்தையில் சொல்வது? பொரி வாங்குவதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.