ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த ரோஸி

சன்னதியில் நின்றுகொண்டு குருக்களிடம் பொய் சொன்னவன் நான். எங்கள் வீட்டு நாயை ஒரு பெண் குழந்தை என்று அவரை நம்பவைத்து, அவர் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டே பிரசாதத் தட்டை வாங்கி வந்தவன். அனுபவம் சொல்ல வருகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் பக்தியிலிருந்து தொடங்குவார்கள். என்னிடம் அந்தச் சரக்கு கம்மி என்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை சத்சங்கக் கூட்டத்துக்கு வருகிற அன்பர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற ஆசாமி. மனைவி வசந்தாவை வண்டியில் கொண்டுவந்து விட்டுத் திரும்பக் கூட்டிப்போவதுதான் என் மொத்த ஆன்மிகம். நீங்கள் உருகி உருகி அனுபவம் சொல்லும்போது நான் மனசுக்குள் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். இப்போது நீங்கள் என்னைத் திருத்தலாம்.

ரோஸிக்குப் பதின்மூன்று வயது. செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில், ஒரு மழை நாளில் ஆட்டோவுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை வசந்தா முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கதவைத் திறந்ததும் "அப்பா வந்துட்டார் பாரு" என்று நாயிடம் சொல்கிற வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் எவ்வளவோ படித்தவன், அந்த வார்த்தையைக் கேட்டதும் தினமும் வாசலிலேயே கொஞ்சம் நிமிர்ந்துகொள்வேன்.

மாம்பழக் காலத்தில் ரோஸிக்கு ஒரு வித்தை உண்டு. மாங்கொட்டையை இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பும். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் இதைச் செய்து காட்டச் சொல்வேன். "வேணாங்க, வயசாயிடுச்சி அதுக்கு" என்று வசந்தா சொல்லுவாள். வயசானவர்களுக்குத்தான் மாம்பழத்தின் அருமை தெரியும் என்று நான் பதில் சொல்லுவேன். அந்தப் பதிலுக்கு எல்லாரும் சிரிப்பார்கள். ஆனி மாதம் ஒரு மத்தியானம், என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் வந்திருந்தபோது வித்தை நடந்தது. கொட்டை காணாமல் போனது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த நாளிலிருந்து வாந்தி. சோறு இறங்கவில்லை. பிறகு தண்ணீரும் இறங்கவில்லை. வேங்கிக்காலில் கிளினிக் வைத்திருக்கிற கால்நடை டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், என்ன தின்றது என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தேன். வசந்தாதான் சொன்னாள். யார் கொடுத்தது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் எனக்குச் செய்த உபகாரங்களில் அது பெரிது.

வயிற்றைத் திறந்து கொட்டையை எடுத்தார்கள். வயசான நாய், மயக்கம் தெளிய நேரமாகும் என்றார் டாக்டரம்மா. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து, எந்த யோசனையும் இல்லாமல் வண்டியை எடுத்து, கிரிவலப் பாதையில் இருக்கிற ஒரு சின்ன சன்னதியில் போய் நின்றேன். பெரிய கோயிலுக்குப் போயிருக்கலாம். அங்கே யாராவது தெரிந்தவர் பார்த்து, "நீங்களா சார்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

குருக்கள் என் வயசுக்காரர். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

சிவன் சன்னதியில் ரோஸி என்று சொல்ல நாக்கு எழவில்லை. பின்னால் வேறு நாலைந்து பேர் தட்டோடு நின்றார்கள். "ரோகிணி" என்றேன்.

"பேரா, நட்சத்திரமா?"

"ரெண்டும்."

உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வயிற்றில் ஆபரேஷன் என்றேன். என்ன வயசு என்றார். பதின்மூன்று என்றேன். இரண்டு பதில்களும் உண்மை. உண்மைகளை மட்டும் வைத்தே ஒரு முழுப் பொய்யைக் கட்டலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குருக்கள் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், வரிசை காத்திருக்க, நிறுத்தி நிதானமாக அர்ச்சனை செய்தார். சுவாமி மேல் இருந்த வில்வ மாலையை எடுத்து என் தட்டில் வைத்தபோது அவர் கண்ணில் தண்ணீர். "கொழந்தை தலைமாட்டுல வையுங்கோ" என்றார்.

வைத்தோம். ரோஸி வீட்டுக்கு வந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு ஒவ்வொரு நிலைப்படியிலும் இடித்துக்கொண்டு நடந்தது. இடிக்கும்போதெல்லாம் கதவு கோபித்துக்கொண்டதுபோல் நின்று பார்க்கும். நான் சிரித்தேன். வசந்தா சிரிக்கவில்லை. "வயிறு உப்புசமா இருக்குங்க" என்றாள். காற்று என்றேன்.

காற்று இல்லை. பௌர்ணமி அன்று சாயங்காலம் ரோஸி எழுந்திருக்கவே இல்லை. ஈறு வெளுத்து, வயிறு பானைபோல் இருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தால், உடனே கொண்டு வாங்க என்றார். எங்கே கொண்டு போவது? பௌர்ணமி என்றால் நம் ஊரில் செங்கம் ரோடு கிரிவலம் வருகிற மனிதர்களுக்குத்தான். ஆட்டோ, வண்டி எதுவும் உள்ளே வராது. ஆட்டோ பிடிக்கப் போலீஸ் தடுப்பு வரைக்கும் நடந்தாக வேண்டும். போர்வையில் ரோஸியைக் கிடத்தி, ஒரு முனையை நானும் ஒரு முனையை வசந்தாவும் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

ஊரே மலையைச் சுற்ற மேற்கே போகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிழக்கே. எதிரில் லட்சம் முகங்கள். ஒரு பெரியவர் அக்கறையாக நிறுத்தி, "சார், ராங் சைடுல போறீங்க. இப்படித்தான் சுத்தணும்" என்றார். வசந்தா சொன்னாள்: "எங்களுக்கு சுத்தறதுக்கு நேரமில்லீங்க."

அவர் போர்வைக்குள் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, பின்னால் வருகிறவர்களிடம் கையை விரித்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். சுற்ற வந்த மனுஷன், தடுப்பு வரைக்கும் எங்களோடு எதிர்ப்பக்கமாக வந்தார். கூட்டம் ஒதுங்கியது. யாரோ ஒரு அம்மா ரோஸியின் நெற்றியில் விபூதி இட்டார். அது யார் வீட்டு நாய், என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. போர்வையின் கனத்தில் எனக்குக் கை மரத்துப்போனது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று வசந்தா பிற்பாடு சொன்னாள்.

வயிற்றுக்குள் போட்ட தையல் விட்டிருந்தது. வயசான சதை, பிடித்து நிற்கவில்லை. உள்ளே சீழ். மறுபடியும் திறந்து, கழுவி, மறுபடியும் தைத்தார்கள். காலையில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"நேத்துலேர்ந்து டிரிப்ஸ் ஏறிக்கிட்டே இருக்கு சார். ஒரு சொட்டு கூட வெளிய வரல. கிட்னி நின்னு போயிருக்கோன்னு பயமா இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகணும். போகலேன்னா, அதைக் கஷ்டப்படுத்த வேணாம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க."

என்ன பேசுவது? வசந்தா கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கம்பிக்குள் கையை விட்டு ரோஸியின் காதைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்கு வரட்டுங்க. போறதுன்னாலும் வீட்டுலேர்ந்து போகட்டும். இந்தக் கூண்டுலேர்ந்து வேணாம்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் அந்தப் பொய் ஞாபகம் வந்தது. இல்லாத ஒரு ரோகிணிக்கு நான் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருக்கிறேன். விலாசம் தப்பு. பகுத்தறிவு பேசுகிறவனுக்கு இந்த யோசனை வரக்கூடாது. கூண்டுக்கு முன்னால் நிற்கும்போது வருகிறது.

வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றிக்கொண்டு, மறுபடியும் அதே சன்னதி. கூட்டம் ஓய்ந்து, குருக்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, "கொழந்தை எப்படி இருக்கா?" என்றார்.

"கொழந்தை இல்லைங்க. நாய். பேர் ரோஸி" என்றேன். மாங்கொட்டை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிலேர்ந்து தினம் அந்தக் கொழந்தைய நினைச்சிண்டே விளக்கேத்தறேன் ஓய்" என்றார். கோபம்தான். நியாயமான கோபம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அதுக்கு நட்சத்திரம் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடறது. வாங்கோ."

சுவாமி பேருக்கே என்று ஆயிரம் தடவை கேட்டிருப்போம். நட்சத்திரம் மறந்தவர்கள் சொல்கிற சாக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது வேறாகக் கேட்டது. நோய் யாருக்கு, நலம் யாருக்கு, கேட்பது யார் என்ற விவரம் எதுவும் வேண்டாம். எல்லாம் அவன் பெயரில். ரோஸியை நான் என் பெயரில் வைத்துக்கொண்டிருந்த வரைக்கும்தான் மாங்கொட்டை, குற்றம், கணக்கு. தீபாராதனை காட்டும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்: உன்னுடையது, வீட்டுக்கு அனுப்பு.

கிளினிக்குக்குத் திரும்பினேன். வாசலில் ஒரு பெண், கட்டியிருந்த கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் கொண்டுவந்த ஆடு போய்விட்டது. அவள் வேண்டிக்கொள்ளவில்லை என்று யார் சொல்ல முடியும்? இதை விட்டுவிட்டு என் கதையை மட்டும் சொல்வது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

ரோஸியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தூக்குங்க என்றாள் வசந்தா. தூக்கினேன். மடியில் வைத்து நெற்றியில் விபூதி இட்டேன். வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. கோயிலுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டி முழுக்க நனைந்து, தரையில் ஓடியது. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வசந்தா ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். அவர் வேட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "அப்படியே உக்காருங்க சார், அசையாதீங்க, போகட்டும்" என்றார். வசந்தா சுவரில் சாய்ந்து, முதல் முறையாகச் சத்தமாக அழுதாள். நான் அசையவில்லை. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அபிஷேகம் அது ஒன்றுதான்.

ஒரே நாளில் எழுந்து ஓடியது என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. வாரக்கணக்கில் கஞ்சித் தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் புகட்டினோம். நடுவில் காய்ச்சல் வந்தது. வலது பின்னங்கால் இன்றைக்கும் இழுக்கிறது. காது மந்தம். "அப்பா வந்துட்டார் பாரு" என்று வசந்தா இப்போது தரையைத் தட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்திருப்பது கொஞ்ச காலம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டோம், வந்திருக்கிறது. சாயங்காலம் தெருக்கோடி வரைக்கும் மூன்று பேரும் நடக்கிறோம். மலை தெரிகிற இடத்தில் ரோஸி தானாக உட்கார்ந்துவிடும். மூச்சு வாங்கத்தான். நாங்களும் நிற்போம். நான் கும்பிடுகிறேன்.

கோயிலில் யாராவது தட்டை நீட்டி முணுமுணுத்தால் இப்போதெல்லாம் எனக்கு வேடிக்கை தோன்றுவதில்லை. அந்த முணுமுணுப்புக்குப் பின்னால் எந்தக் கூண்டு இருக்கிறதோ. அன்பர்களே, உங்களில் யாருக்காவது சொல்லக் கூசுகிற வேண்டுதல் இருந்தால், நட்சத்திரம் தெரியாவிட்டாலும், தகுதி இல்லையென்று தோன்றினாலும், போய் நில்லுங்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பெயரை அவன் பார்த்துக்கொள்வான்.

போன வாரம் ரோஸியைக் காட்டப் போனபோது, நன்றி மிகுதியில் இதையெல்லாம் ஒன்று விடாமல் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சுவாமி பேருக்கு அர்ச்சனை செய்த இடத்தை இரண்டு தடவை சொன்னேன். ரோஸியை எடை மேடையில் நிறுத்தி, முள்ளைப் பார்த்தபடியே அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "வெயிட் ஜாஸ்தியாயிருக்கு. நெய் சோறு போடறத நிறுத்துங்க."