ஐந்து உன்னிச்செடிகளும் ஒரு ஜன்னலும்

உன்னிச்செடியை வெட்டினால் ஒரு வாடை வரும். பச்சை மாங்காயைக் கசக்கி மண்ணெண்ணெயில் முக்கியது போல. ஊரே மூக்கைப் பொத்தினாலும் எனக்கு அது பிடிக்கும். அந்த வாடையோடு என் ஆறாம் வகுப்பும், நான் செய்த படுமோசமான ஒரு வேலையும் சேர்ந்தே வரும்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையோரம் எங்கள் வீடு. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி உள்ளே வராமலிருக்க அம்மா வாசல்பக்கம் வரிசையாக ஐந்து உன்னிச்செடிகளை வளர்த்திருந்தார். இலையெல்லாம் வெளுத்துக் கிடந்தாலும் பூ மட்டும் மஞ்சளும் ரோஸுமாகப் பளிச்சென்று இருக்கும். பத்து மணி வெயிலில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். எங்கள் தெருவில் அதற்குப் பெயரே "பட்டாம்பூச்சிச் செடி". மாசி மாதம் அம்மா அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார், ஆனால் ஐந்தையும் ஒரே நாளில் அல்ல. "ஒண்ணு வுட்டு ஒண்ணுதான் வெட்டணும், வர்றதுங்க பசியோட திரும்பிப் போவக்கூடாது" என்பார்.

அந்த வருடம் மாசியில் அண்ணனுக்கு அம்மை போட்டது. நிலையில் வேப்பிலை செருகியாயிற்று, குழம்பில் தாளிப்பு நின்றது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை கண்ட வீட்டில் நகம்கூட வெட்டக்கூடாது என்பதால் செடி வெட்டுவதும் தள்ளிப்போனது. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசித் திரிந்த அண்ணன், டிவியும் கூட்டாளிகளும் இல்லாமல் ஜன்னலோரம் பாயில் கிடந்தான். பட்டாம்பூச்சி எண்ணுவது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு. செடிகளோ வளர்ந்து ஜன்னலை மறைத்துவிட்டன. பூவெல்லாம் மேலே போய்விட, அவனுக்குத் தெரிந்தது அடி இலை மட்டும்.

"ஏ கழுத, அம்மா கோயிலுக்குப் போயிருக்கு. ஜன்னல மறைக்கிறத மட்டும் மேலாப்புல கொஞ்சம் வெட்டி வுடேன்" என்றான்.

அருவாளை எடுத்தேன். முதல் செடியில் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. சரிக்கட்ட மறுபக்கத்தை வெட்டினால் அது இன்னும் தாழ்ந்தது. அதற்குச் சமமாக அடுத்த செடி, அதற்குச் சமமாக அதற்கடுத்தது. நான் நிமிர்ந்தபோது ஐந்தும் கணுக்கால் உயரத்தில், ஒரு பூகூட இல்லாமல் மொட்டையாக நின்றன.

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ரோடு சூப்பராத் தெரியுதுடி. இதுவரைக்கும் நாலு லாரி. ஒண்ணுக்கும் றெக்க இல்ல."

அம்மா திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். "அம்மை வூட்டுல அருவாள எடுத்தியா?" என்று கேட்டு, என்னை அடிக்கக்கூட மறந்து வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து அண்ணன், "நாந்தாம்மா வெட்டச் சொன்னேன்" என்றான்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஏரிக்கரைக்கு ஓடி, அங்கே தானாக முளைத்துக் கிடந்த உன்னியில் பூவோடு கிளைகளை ஒடித்து வந்து, கைப்பிடி போன வாளியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஜன்னலுக்கு நேரே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். கையெல்லாம் முள் கீறல். சாயங்காலம் வந்தால் கிளைகள் தொங்கிப்போயிருக்கும்.

"எத்தன வந்துச்சுண்ணே?"

"ரெண்டு."

அடுத்த நாள் ஐந்து, அதற்கடுத்த நாள் ஏழு. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று பதினொன்று என்றான். நான் வகுப்பில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இப்போது அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். சாலையை அகலப்படுத்தியதில் மூன்று செடிகள் போய்விட்டன, மிச்சம் இரண்டு. போன மாசியில் காலேஜ் லீவுக்கு வந்தவள் ஒன்றை வெட்டிவிட்டு அவனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அண்ணே, நெசத்தச் சொல்லு. வாளியில வச்சப்ப எத்தன வந்துச்சு?"

சிரித்தான். "ஒண்ணுகூட வரலடி. நீ மூச்சு வாங்க வந்து நிப்ப, என்ன சொல்லச் சொல்ற?" பிறகு, "அந்த வெட்டாத செடியக் காட்டு" என்றான்.

போனைத் திருப்பிப் பிடித்தேன். பத்து மணி வெயில். அவன் வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

"நாலு" என்றான்.

என் கண்ணுக்கு மூன்றுதான் தெரிந்தன. நான் திருத்தவில்லை.