கால் கட்டம் சத்தம்

1. மணப்பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்ந்த மூன்றாவது வாரம் இது நடந்தது.

கூடத்தின் ஓரத்தில் மோசஸ் அண்ணன் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனிப்பார். அவருக்குப் பார்வை கிடையாது. மேக்புக்கில் உள்ள வாய்ஸ்ஓவர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். அதைக் கேட்டபடியே டைப் செய்வார். பாயில் புடவை விரிக்கும் குமார், "அரக்கு, மயில் பார்டர், இன்னொண்ணு இருக்குதாண்ணே?" என்று குரல் கொடுத்தால், மறு மூச்சுக்குள் "ரெண்டு இருக்குதுபா, மேல் ரேக்கு" என்று பதில் வரும்.

அன்று ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தது. இரண்டு மணி நேரம் பார்த்து, கடைசியில் மணப்பெண்ணின் அம்மா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "இதையே எடுத்துக்கலாமா?" என்றார்.

"ரத்து செய், பட்டன்" என்றது மேக்புக்.

அந்த அம்மா புடவையைப் பாயில் வைத்தார். "அபசகுனமா சொல்லுதே" என்று எழுந்தார். வீடே பின்னால் எழுந்தது.

முதலாளி கோபத்தை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருமா. சரியாவலைன்னா அவரு மாடி குடோன்ல பார்சல் கட்டட்டும்."

அன்று மாலையே அண்ணனுக்காக ஒரு நாற்காலி மாடிக்குப் போய்விட்டது.

2. என் பட்டியல்

எனக்குத் தோன்றியதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

அ) இரண்டு காதிலும் இயர்போன். "குமாரு கூப்புடறது எப்புடிமா கேக்கும்?"

ஆ) ஒரு காதில் மட்டும். இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "ஒரு காத அடைச்சா சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னே புரியாது. நீ ஒரு கண்ண மூடிக்கினு ஊசியில நூல் கோத்துப் பாரேன்."

இ) சத்தத்தைக் குறைப்பது. ஏற்கெனவே கடைசிக் கட்டத்தில்தான் இருந்தது. ஒலியைக் குறைக்கும் F11-ஐ இன்னும் ஒரு தட்டு தட்டினால் சுத்தமாக ஊமை.

பட்டியல் தீர்ந்தது. இந்த மேக்கில் ஒலி பதினாறு கட்டம். அடிக் கட்டத்துக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு F11 அல்லது F12-ஐ அழுத்தினால் ஒலி கால் கட்டம்தான் நகரும். ஊமைக்கு முன்னால் இன்னும் மூன்று படிகள்.

3. வியாழக்கிழமை, கடை திறக்குமுன்

கீகளை அண்ணனின் விரலுக்குக் காட்டினேன். அவ்வளவுதான் என் பங்கு. மீதியை அவரே செய்தார்.

குமாரைப் பாயில், வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார். "கேக்குதா?" "கேக்குது." ஒரு கால் குறைத்தார். "இப்ப?" "ஏதோ முணுமுணுப்பா." இன்னொரு கால். "என்னாண்ணே, ஆஃப் பண்ணிட்டியா?"

"ஓடிக்கினுதான் இருக்குது. நீ பாட்டுக்குக் கொட்டாவி வுடு."

ஃபேன் ஓடும்போது ஒரு முறை, ஏசி மட்டும் ஓடும்போது ஒரு முறை என்று மறுபடி சோதித்தார். ஃபேன் ஓடினால் ஒலி முக்கால் கட்டம், ஏசி மட்டும் என்றால் அரைக் கட்டம் என்று மனதில் வைத்துக்கொண்டார். நான் அவர் தோளருகே குனிந்தும் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. அவர் அதில் ஒரு முழு முகவரியைத் தவறில்லாமல் அடித்தார்.

4. வெள்ளிக்கிழமை

தாமலிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து தூணருகே நின்றார். அவர்கள் உட்கார்ந்து பாய் சரசரத்ததும் அண்ணனின் இடது கை இரண்டு கீகளைப் பிடித்தது, வலது கை ஏசிக்கான கணக்கில் F11-ஐ இரண்டு முறை தட்டியது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மணப்பெண் மாம்பழ நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். அதே நேரம் ஏதோ ஊரிலிருந்து ஓர் ஆர்டர் வேண்டாம் என்று தகவல் வந்தது. அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்த என் காதில் மட்டும், கொசு போல, "ரத்து செய், பட்டன்."

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"இதுவே இருக்கட்டும்பா" என்றார் மணப்பெண்ணின் அம்மா.

அவர்கள் போன பிறகு முதலாளி, "குமாரு, மாடியில போட்ட நாற்காலிய எறக்கிடு" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பட்டியல் எழுதுங்கள். ஆனால் யாருக்காக எழுதுகிறீர்களோ அவரை முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் அவரிடம் முதலிலேயே போயிருந்தால் அ, ஆ இரண்டும் தேவைப்பட்டிருக்காது.