வேகம் கூட்டித் தரப்படும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் செத்த மெஷினைப் பிழைக்க வைப்பதுகூடச் சுலபம். நன்றாக இருப்பதை இன்னும் கொஞ்சம் ஓட வைப்பதுதான் வம்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு மாடிப்படி ஓரமாக நானும் கூட்டாளி இஸ்மாயிலும் கடை போட்டிருந்தோம். புதுசு வாங்க வழியில்லாமல் பழசையே அடித்து ஓட்டிய காலம் உங்களுக்கும் இருந்திருக்கும். என் பாடு புரியும். பிராசஸருக்குக் கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்திருப்பான். உள்ளே போர்டில் ஜம்பர் என்று ஒரு குட்டிச் செருகி இருக்கும், அதை இடம் மாற்றிக் குத்தினால் வேகம் ஏறும். ஏறினால் வோல்டேஜ் கொஞ்சம் கூடக் கேட்கும். கொடுத்தால் சூடாகும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

தோப்புக்காரரின் கணக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த, சொந்தத் தோப்புள்ள தேங்காய் வியாபாரி ஒருவருக்கு இதை விளக்கப் போய் நான்தான் பாடம் கேட்டுக்கொண்டேன். வோல்டேஜ் கூட்டினால் மெஷினின் ஆயுசு குறையும் என்று அவரைப் பயமுறுத்திப் பார்த்தேன். அவர் அசையவில்லை. மூன்று பேஸ் மோட்டாரை இரண்டு பேஸ் கரண்டில் கண்டென்சர் வைத்து ஓட்டும் ஊரில் பிறந்தவரிடம் போய் ஆயுசைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. நிதானமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"மோட்டார் காயிலு கருகத்தான் செய்யுமுங்க. அதுக்குள்ள தோப்பு நனைஞ்சிருமல்லங்க?"

பொம்மைப் பெட்டி

அடுத்து வந்தவர் துளசிமணி. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில், ஒரு பழைய லேப்டாப்பை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் கொடுத்தது. புகுந்த வீடு விசைத்தறிக்காரர்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன். குடோனை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, பெட்ஷீட்டுக்கான கட்டங்களை லேப்டாப்பில் போட்டு நிறம் மாற்றிக் காட்டுவார். ஈரோட்டு வியாபாரி, "இந்தச் செவப்பை நீலமாக்குங்க" என்பார். திரையில் நீலம் வந்து நிரம்புவதற்குள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியும் விடுவார்.

மாமனார் ஆறுச்சாமிக்கு அது பொம்மைப் பெட்டி. மருமகள் பொம்மை பார்க்கும் இடத்தில் இன்னொரு தறி போடலாமே என்பது அவர் கட்சி. இந்தத் தடவையும் வியாபாரி ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் அறையை விட்டுவிடுவதாகத் துளசிமணியும் ஒப்புக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த ஊட்டுல எனக்குன்னு இருக்கறது அந்த ரூம் ஒண்ணுதானுங்க. எப்படியாச்சும் வேகமாக்கிக் குடுங்க."

காடாத் துணி

கீபோர்டைக் கழற்றினால் அடியில் ஜம்பருக்குப் பதிலாகக் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. வேகத்தை ஒரு படி ஏற்றினேன். வோல்டேஜையும் துளி கூட்டினேன். நிறம் சட்டென்று மாறியதும் துளசிமணி சிரித்த சிரிப்பில் எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே லேப்டாப் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டே இருந்து அப்படியே நின்றுவிடுகிறதாம். திறந்தால் ஃபேன் முழுக்கப் பஞ்சு. சுத்தம் செய்து அனுப்பினோம்.

மறுபடி வந்தபோது பஞ்சே இல்லை, ஆனால் கையை வைக்க முடியாத சூடு. விசாரித்தால், தறி வீட்டில் தண்ணீர்க் குடம் முதல் டிவி வரை எல்லாவற்றையும் துணி போட்டு மூடுவது போல, ஃபேன் ஓட்டையின் மேலும் காடாத் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்! ஜன்னலைத் திறந்தால் குடோனிலிருந்து பஞ்சு வரும், சாத்தினால் அறை வெந்துபோகும், அவரும்தான் என்ன செய்வார்? வோல்டேஜை முடிந்தவரை குறைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடியது, அவ்வளவுதான். பழைய வேகத்துக்கே இறக்கிவிடலாமா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் போனபின் எனக்கு மனசே சரியில்லை. இஸ்மாயில் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"மூக்கையும் மூடக் கூடாது, தூசியும் போகக் கூடாதுன்னா, அதுக்கு நம்ம கடையில ஏதுப்பா சுவிட்ச்?"

வியாபாரி வந்த நாள்

துணைக்கு இருக்கட்டும் என்று துளசிமணி என்னையும் கருமத்தம்பட்டிக்கு வரச் சொல்லியிருந்தார். ஈரோட்டு வியாபாரி உட்கார்ந்தார். சிவப்பு நீலமாயிற்று, நீலம் பச்சையாயிற்று. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல சகுனம் என்று நினைத்தேன், பச்சையிலேயே திரை உறைந்துவிட்டது. அணைத்து ஆறவிட வேண்டியிருந்தது. சாத்திய அறையில் ஆறுவது எப்படி? துளசிமணி ஒரு விசிறியை எடுத்து லேப்டாப்புக்கு வீசினார். வியாபாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி குடோனுக்குள் போனார். தீர்ந்தது கதை, தறி போட இடம் அளக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். குடோனில் ஒரு தறி நின்றது. இன்னொன்று நின்றது. கடைசித் தறியும் நின்றபோது காதே அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பண்டிகைக்குத் தவிர அந்தக் குடோன் நின்று அங்கே யாரும் பார்த்ததில்லை. பெரியவர் திரும்பி வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். காற்று வந்தது, பஞ்சு வரவில்லை. "ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கேட்டார் வியாபாரி. பெரியவர் கடைசி ஜன்னலின் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"கரண்டெல்லாம் இருக்குதுங்க. எம்பட மருமவ வேலை செஞ்சிட்டிருக்குது, அதான் தறிய நிறுத்திப்போட்டேன்."

லேப்டாப் ஆறி மறுபடி ஓடியது, ஆர்டர் கிடைத்தது, அறையும் தங்கியது, கடைக்குத் திரும்பியதும் 'வேகம் கூட்டித் தரப்படும்' என்ற எங்கள் கடைப் பெயர்ப்பலகைக்குக் கீழே 'மாமனார் சம்மதத்துடன்' என்று சேர்த்து எழுதலாமா என்று இஸ்மாயிலைக் கேட்டேன்.